எலியின் மார்பகப் புற்றில் செல் சமிக்ஞை மரபணுக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதிர்வீச்சாலோ வேதிப்பொருளாலோ எலிகளுக்கு வரவழைக்கப்படும் மார்பகப் புற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்களில் முதுகலை மாணவர்கள் உண்டு. வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தபின் இணையத்தில் தேடிக் குழம்பியவர்களும் உண்டு. இருவருக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். சில கேள்விகளுக்கு நான்கு வரி போதும். சிலவற்றை அப்படி முடித்துவிட்டால் கேட்டவரை ஏமாற்றியது போலாகும். அவற்றுக்கு நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

மனிதருக்கு வரும் நோயை அறிய எலி எதற்கு? சுண்டெலி போதாதா?

ஆய்வகங்களில் சுண்டெலிதான் அதிகம் என்பது உண்மை. ஆனால் பழைய சுண்டெலி வம்சங்களில் வந்த மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை ஒரு வைரஸால் வந்தவை. அவை பெண் ஹார்மோன்களை நம்பி வளர்வதும் குறைவு. எலியின் கதை வேறு. அதன் கட்டி பால்நாளங்களின் உட்சுவரில் தொடங்குகிறது. ஈஸ்ட்ரோஜன் இருந்தால் வளர்கிறது, சினைப்பையை அகற்றினால் பெரும்பாலும் சுருங்குகிறது. பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றில் பெரும்பகுதியும் இப்படி ஹார்மோனைச் சார்ந்ததுதான்.

இதற்கு வழி திறந்தவர் சார்லஸ் ஹக்கின்ஸ். 1961-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஸ்பிரேக்-டாலி வம்சத்து இளம் பெண் எலிகளுக்கு டி.எம்.பி.ஏ. என்ற வேதிப்பொருளை எண்ணெயில் கரைத்து ஒரே ஒரு முறை வயிற்றுக்குள் செலுத்தினார்கள். சில மாதங்களில் ஏறக்குறைய எல்லா எலிகளுக்கும் மார்பில் கட்டி வந்தது. அதற்கு முன்பெல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மருந்து (புற்றை வரவழைக்கும் வேதிப்பொருளைத்தான் இங்கே மருந்து என்கிறேன்) கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே வேளை என்று ஆனபிறகுதான் நோய் எந்த நாளில் தொடங்கியது என்று நாள்காட்டியில் குறிக்க முடிந்தது. மரபணுக்களைத் தேடப் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. (ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது வேறொன்றுக்காக: ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றை ஹார்மோன் வழியே கட்டுப்படுத்தியதற்காக.)

1970-களில் என்.எம்.யு. என்ற இன்னொரு வேதிப்பொருளும் சேர்ந்துகொண்டது. கதிர்வீச்சுப் பக்கத்தில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஷெல்லபார்கர் குழுவினர் பல ஆண்டுகள் உழைத்து, எத்தனை கிரே (உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு) கதிருக்கு எத்தனை எலிகளுக்குக் கட்டி வருகிறது என்று கணக்கெடுத்தார்கள். நியூட்ரான் கதிர், மிகக் குறைந்த அளவுகளில், எக்ஸ் கதிரைவிடப் பல மடங்கு தீங்கு செய்கிறது என்பது இந்த எலிகளில்தான் தெளிவாகத் தெரிந்தது.

ஏன் எல்லா ஆய்விலும் எலியின் வயது சுமார் 50 நாள் என்று இருக்கிறது?

எலியின் மார்பகத்தைக் கண்ணாடித் தகட்டில் விரித்து, கொழுப்பை நீக்கி, கார்மைன் சாயத்தில் ஊறவைத்தால், இலையுதிர்ந்த மரத்தைத் தலைகீழாகப் பிடித்தது போன்ற ஓர் உருவம் செந்நிறத்தில் தெரியும். அடிமரம் காம்பிலிருந்து கிளம்புகிறது. கிளைகள் கொழுப்புத் திண்டுக்குள் பரவுகின்றன. ஏழு வார எலியில் அந்தக் கிளைகளின் நுனியைக் கவனியுங்கள். தீக்குச்சியின் தலைபோல் உருண்டு, கிளையைவிடத் தடித்து, மற்ற இடங்களைவிட அடர்ந்த சிவப்பாக இருக்கும். இவை நுனிமொட்டுகள். செல்கள் மிக வேகமாகப் பிரியும் இடம் இதுதான். புற்றும் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது என்பதை ஹோசே ரூசோ, இர்மா ரூசோ இருவரும் ஆண்டுக்கணக்கில் தகடு தகடாகப் பார்த்து நிறுவினார்கள்.

சில வாரங்கள் கழித்து அதே எலியைப் பார்த்தால் மொட்டுகள் பலவும் சிறு சிறு கொத்துகளாகப் பிரிந்து அடங்கியிருக்கும். ஈன்று பால் கொடுத்த எலியில் மொட்டு என்று காட்ட ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. அந்த எலிக்கு டி.எம்.பி.ஏ. கொடுத்தால் கட்டி வருவது மிகவும் குறைவு. இளவயதில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு குறைவாக இருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டுக்குத் தப்பிய பெண்களில், குண்டு விழுந்தபோது 20 வயதுக்குக் கீழ் இருந்தவர்களுக்கே பின்னாளில் மார்பகப் புற்றின் கூடுதல் ஆபத்து அதிகமாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எவ்வளவு கதிர் பட்டது என்ற கேள்விக்குச் சமமாக, எந்த வயதில் பட்டது என்ற கேள்வியும் நிற்கிறது.

செல் சமிக்ஞை மரபணு என்றால் என்ன? எளிமையாகச் சொல்லுங்கள்.

ஒரு செல் தானாகப் பிரிவதில்லை. வெளியிலிருந்து உத்தரவு வர வேண்டும். வளர்ச்சிக் காரணி என்னும் புரதம் வந்து செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் பொருந்துகிறது. ஏற்பி உள்ளே இருக்கும் ராஸ் புரதத்தை எழுப்புகிறது. ராஸ் எழுந்தால் ராஃப், அது மெக், அது எர்க் என்று செய்தி கைமாறிக் கருவுக்குள் போகிறது. அங்கே சைக்ளின் டி1 போன்ற மரபணுக்கள் விழித்துக்கொண்டு, பிரியலாம் என்று செல்லுக்குக் கதவைத் திறக்கின்றன. இதே ஏற்பியிலிருந்து இன்னொரு கிளை பி.ஐ.3 கைனேஸ், ஆக்ட் என்ற புரதங்கள் வழியே போய், செல் சாகாமல் தாக்குப்பிடிக்க உதவுகிறது. எதிர்ப்பக்கத்தில் பி53, டி.ஜி.எஃப். பீட்டா போன்றவை நின்று, பழுதிருந்தால் பிரியாதே என்று தடுக்கின்றன.

இந்தச் சங்கிலியில் உள்ள ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு மரபணு உண்டு. அவற்றையே சமிக்ஞை மரபணுக்கள் என்கிறோம். ராஸ் சாதாரணமாக விழித்து, வேலையை முடித்து, தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். அணைக்கும் பகுதி கெட்டால் உத்தரவு ஓயாது. வெளியே யாரும் அழைக்காதபோதும் உள்ளே அழைப்பு வந்துகொண்டே இருக்கும்.

ராஸ் என்ற பெயரில் எலி இருக்கிறதாமே?

இருக்கிறது. 1964-இல் ஜெனிஃபர் ஹார்வி எலிகளிலிருந்து பிரித்த ஒரு வைரஸ், விலங்குகளில் சார்கோமா வகைப் புற்றை உண்டாக்கியது. எலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் சார்கோமாவையும் சேர்த்துச் சுருக்கியதுதான் ராஸ். எச்-ராஸ் என்பதில் உள்ள எச், ஹார்வியின் முதல் எழுத்து.

வேதிப்பொருள் கொடுத்த எலியின் கட்டியில் எந்த மரபணு கெட்டிருந்தது?

இந்தத் துறையில் என்னை முதலில் இழுத்துக்கொண்டது இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான். 1983-இல் சரஸ்வதி சுகுமார், மரியானோ பார்பசிட் முதலியோர் என்.எம்.யு. கொடுத்த எலிகளின் மார்பகக் கட்டிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். மரபணுவில் டி.என்.ஏ.வின் மூன்று எழுத்துகள் சேர்ந்தது ஒரு குறி; ஒவ்வொரு குறியும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். எச்-ராஸ் மரபணுவின் 12-ஆவது குறியில் நடுவெழுத்து மாறியிருந்தது. குவானைன் இருக்க வேண்டிய இடத்தில் அடினைன். இந்த ஓர் எழுத்து மாறியதில் கிளைசின் என்ற சின்ன அமினோ அமிலத்தின் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் வந்து உட்கார்ந்தது. அதனால் ராஸ் தன்னை அணைத்துக்கொள்ள முடியாமல் போயிற்று. 1985-இல் இன்னும் பெரிய எண்ணிக்கையில் பார்த்தபோது 71 கட்டிகளில் 61-இல் இதே மாற்றம் இருந்தது.

வியப்பு எங்கே என்றால், இந்த மாற்றம் என்.எம்.யு.வின் வேதியியலோடு அப்படியே பொருந்துகிறது. என்.எம்.யு. உடலுக்குள் போனதும் எந்த நொதியின் உதவியும் இல்லாமல் உடைந்து, டி.என்.ஏ.வில் குவானைன்மீது ஒரு மெத்தில் குழுவை ஒட்டுகிறது. அப்படி ஒட்டப்பட்ட குவானைனை, நகலெடுக்கும் நொதி அடினைன் என்று தவறாகப் படித்துவிடுகிறது. அந்த வேதிப்பொருள் உடலில் இருப்பதோ மிகச் சிறிது நேரம். அன்றைக்கே சிதைந்து போகிறது. மாதங்கள் கழித்துக் கட்டியை எடுத்துப் பார்த்தால் அதன் கைரேகை அங்கேயே இருக்கிறது.

டி.எம்.பி.ஏ. கொடுத்த எலிகளில் படம் மாறுகிறது. அந்தப் பொருள் முதலில் உடலின் நொதிகளால் மாற்றப்பட்டாக வேண்டும். மாறியபின் அது அடினைனையும் பற்றிக்கொள்ளும். அதனால் எச்-ராஸ் கெட்ட கட்டிகளில் பழுது 61-ஆவது குறியில், அடினைன் இருந்த இடத்தில் தைமினாக இருந்தது. ஆனால் டி.எம்.பி.ஏ. கட்டிகளில் சிறு பகுதியில்தான் ராஸ் பழுதே காணப்பட்டது. மீதிக் கட்டிகள் ராஸ் கெடாமலேயே வளர்ந்திருந்தன.

அப்படியானால் ராஸ் பிறழ்வுதான் புற்றுக்குக் காரணம் என்று முடிவுகட்டலாமா?

பத்தாண்டுகள் வரை பலர் அப்படித்தான் சொன்னார்கள். பாடநூல்களிலும் அப்படியே ஏறியது. பிறகு மூன்று ஆய்வுகள் இந்தத் தெளிவைக் கலைத்தன. கலைத்தது நல்லதுக்குத்தான் என்பது என் எண்ணம்.

முதலாவது 1990-இல் வந்தது. புதிதாகப் பிறந்த குட்டிகளுக்கு என்.எம்.யு. கொடுத்த இரண்டு வாரத்திலேயே, கட்டி என்று எதுவும் தோன்றாத மார்பகத்தில், பிறழ்ந்த ராஸ் ஏற்கெனவே இருந்தது என்று பார்பசிட் குழுவினர் காட்டினார்கள். எலி பருவமடைந்து ஹார்மோன்கள் வரும்வரை அந்தச் செல்கள் சும்மா கிடந்தன. பிறழ்வு இருந்தும் புற்று இல்லை.

இரண்டாவதும் அதே ஆண்டில். விஸ்கான்சினில் மைக்கேல் கௌல்டின் குழு என்.எம்.யு.வின் அளவைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தது. அளவு கூடக் கூட ராஸ் பழுதுள்ள கட்டிகளின் விகிதம் கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். குறைந்தது. ராஸ் இல்லாமலும் புற்றுக்குப் போக வேறு பாதைகள் உண்டு என்றும், மருந்து கனக்கக் கனக்க அந்தப் பாதைகள் திறக்கின்றன என்றும்தான் இதைப் படிக்க முடிகிறது.

மூன்றாவதுதான் பலரையும் உலுக்கியது. 1994-இல் ரீட்டா சா, வில்லியம் தில்லி, ஹெல்மட் சார்பில் என்ற மூவரும், எந்த மருந்தும் கொடுக்காத எலிகளின் மார்பகத்தில் தேடினார்கள். ஆயிரக்கணக்கான நல்ல பிரதிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒரு கெட்ட பிரதியையும் பிடிக்கும் அளவுக்கு நுட்பமான முறை அது. அந்த எலிகளிலும் அதே 12-ஆவது குறிப் பிறழ்வு இருந்தது. இயல்பான வளர்ச்சியின்போதே சில செல்களில் அது உண்டாகிவிடுகிறது. என்.எம்.யு. கொடுத்தபின் அத்தகைய செல்களின் எண்ணிக்கை குறிப்பிடும்படி கூடவும் இல்லை. என்.எம்.யு. கட்டிகள் பெரும்பாலும் ஏற்கெனவே பிறழ்ந்திருந்த செல்களிலிருந்தே எழுந்தன, மருந்து செய்தது அவற்றுக்கு வளரும் வழியை ஏற்படுத்தித் தந்தது என்பது அவர்கள் முடிவு. ஹெல்மட் சார்பில்தான் 1985 ஆய்வின் முதல் ஆசிரியரும். தான் எழுதியதைத் தானே திரும்பவும் சோதித்தவர் என்பதால் அவர்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

கைரேகை என்று நான் மேலே சொன்னதை இப்போது கொஞ்சம் தளர்த்திப் பிடிக்க வேண்டும். வேதியியல் பொருந்துகிறது என்பது உண்மை. பொருத்தம் மட்டும் சாட்சியாகாது.

மருந்து செல்லைக் கெடுக்கவில்லை என்றால் வேறு எதைக் கெடுத்தது?

செல்லைச் சுற்றியுள்ள தாங்குதிசுவை. 2004-இல் மரிசெல் மஃபினி, அன்னா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் முதலியோர் செய்த சோதனை மிக எளியது. எலியின் மார்பகத்திலிருந்து பால்நாளச் செல்களை அகற்றிவிட்டு, மிஞ்சிய கொழுப்புத் திண்டை உடலிலேயே விட்டு, எலிக்கு என்.எம்.யு. கொடுத்தார்கள். மருந்து கரைந்து போனபின், மருந்தே படாத செல்களை அந்தத் திண்டில் வைத்தார்கள். புற்று வந்தது. மாற்றியும் செய்தார்கள்: மருந்து பட்ட செல்களை மருந்து படாத திண்டில் வைத்தார்கள். வரவில்லை.

சுண்டெலியில் கதிர்வீச்சைக் கொண்டும் இதைப் போன்ற ஒன்றை மேரி ஹெலன் பார்சலோஸ்-ஹாஃப் செய்திருக்கிறார். கதிர் பட்ட மார்பகத்தில், உறங்கிக் கிடக்கும் டி.ஜி.எஃப். பீட்டா விரைவிலேயே விழித்துக்கொள்கிறது என்று 1994-இல் காட்டினார். கதிர் பட்ட திண்டில் கதிர் படாத செல்களை வைத்தபோது, புற்றாக மாறும் இயல்பு அவற்றில் வெளிப்பட்டது என்று 2000-இல் காட்டினார். ஒரு செல் பிறழ்ந்தது என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாத நிலை இப்படித்தான் வந்தது. சமிக்ஞை என்ற சொல்லிலேயே அனுப்புகிறவர் ஒருவர், பெறுகிறவர் ஒருவர் உண்டு. பழுது இரு பக்கமும் இருக்கலாம்.

கதிர்வீச்சால் வந்த கட்டியிலும் ராஸ்தான் கெட்டிருக்கிறதா?

இல்லை. ஜப்பானின் சிபாவில், தேசியக் கதிரியல் ஆய்வு நிறுவனத்தில் இமாவோகா, ஷிமாடா முதலியோர் கார்பன் அயனிக் கதிர் பாய்ச்சிய எலிகளின் கட்டிகளைப் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். அவற்றில் எச்-ராஸ் பிறழ்வும் இல்லை, பி53 பிறழ்வும் இல்லை.

காரணம் கதிரின் இயல்பில் இருக்கிறது. என்.எம்.யு. தனி எழுத்தைத் தேடித் தொடும். கதிர் அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு கிரே எக்ஸ் கதிர் பட்டால் ஒரு செல்லுக்குள் டி.என்.ஏ.வின் ஒற்றை இழை சுமார் ஆயிரம் இடங்களில் அறுகிறது. இரண்டு இழையும் சேர்ந்து அறுவது 20 முதல் 40 இடங்களில். ஒற்றை அறுப்பைச் செல் எளிதில் தைத்துவிடும். இரட்டை அறுப்பைத் தைக்கும்போது முனைகள் தேய்ந்தோ, மாறி ஒட்டியோ, நடுவில் ஒரு துண்டு தொலைந்தோ போகலாம். ஆகவே கதிர் விட்டுப்போகும் தடம் எழுத்துப்பிழையாக இருப்பதைவிட, கிழிந்த பக்கமாகவோ இடம் மாறித் தைத்த பக்கமாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். ராஸ் போன்ற மரபணு செல்லைப் பிரியும்படி விரட்ட வேண்டுமானால் ஒரு குறிப்பிட்ட எழுத்து மாற வேண்டும். பக்கமே கிழிந்தால் அது செத்துப்போகும், விரட்டாது. தடுப்பு மரபணுக்களின் நிலை நேர்மாறு. அவை தொலைந்தால்தான் ஆபத்து.

இன்னொரு புதிரும் உண்டு. விஸ்கான்சினில் கெல்லி கிளிஃப்டன் குழுவினர் கதிர் பட்ட மார்பகச் செல்களைப் பிரித்து, வேறு எலிகளில் நட்டுப் பார்த்தபோது, புற்றை நோக்கி முதல் அடி எடுத்துவைத்த செல்கள் மிக அதிகமாக இருந்தன. ஒரு குறிப்பிட்ட மரபணு கெடுவது அபூர்வமான நிகழ்ச்சி. அதைக் கொண்டு இவ்வளவு பெரிய எண்ணிக்கையை விளக்க முடியாது. எழுத்து மாறாமல், மரபணுவை இயக்கும் முறை மாறியிருக்க வேண்டும் என்று 1995-இல் எழுதினார்கள். பக்கத்திலுள்ள நல்ல செல்கள் கூடுதலாக இருந்தால் அவை கெட்ட செல்லை அடக்கிவைக்கின்றன என்பதும் அதே ஆய்வில் வந்த செய்தி.

அப்படியென்றால் கட்டியைப் பார்த்தே கதிரா, வேதிப்பொருளா என்று சொல்லிவிடலாமா?

எலியில், சேர்த்துப் பார்த்தால், ஓரளவு சொல்லலாம். என்.எம்.யு. கட்டிகளின் ஒரு தொகுதியையும் கதிர்க் கட்டிகளின் ஒரு தொகுதியையும் முன்னே வைத்தால், எச்-ராஸ் ஒன்றை வைத்தே இரண்டையும் பிரித்துவிட முடியும். எத்தனை மரபணுக்கள் கூடுதலாக, எத்தனை குறைவாக இயங்குகின்றன என்ற வரைபடத்தைக் கொண்டு, தானாக வந்த கட்டியையும் கதிரால் வந்த கட்டியையும் பிரிக்க இமாவோகா குழு முயன்றிருக்கிறது.

ஒரு தனி மனிதரின் ஒரு கட்டியை வைத்துக்கொண்டு இதைச் சொல்லத் துணியக் கூடாது. செர்னோபில் விபத்துக்குப் பிறகு குழந்தைகளுக்கு வந்த தைராய்டு புற்றில் ரெட் என்ற மரபணு வேறொன்றோடு ஒட்டிக்கொண்ட நிலையில் அடிக்கடி காணப்பட்டது. அங்கேகூட, கதிரே படாத குழந்தைகளின் தைராய்டு புற்றிலும் அதே ஒட்டு கிடைக்கிறது. மார்பகத்தில் அந்த அளவுக்கான அடையாளமும் நம் கையில் இல்லை.

தொடக்கம் வேறுவேறாக இருந்தாலும் கட்டி முற்றும்போது பாதைகள் கூடிவிடுகின்றன. ராஸ் கெட்டு எர்க் ஓயாமல் ஓடினாலும் சரி, வேறு வழியில் வந்தாலும் சரி, சைக்ளின் டி1 கூடுதலாக இயங்குவது எலியின் மார்பகப் புற்றில் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. எனக்கு இதுவே நம்பிக்கை தருகிற இடம். நூறு காரணங்களை நூறு மருந்தால் துரத்த வேண்டியதில்லை. அவை வந்து சேரும் சந்தியில் நிற்கலாம்.

ஹார்மோனுக்கு இதில் என்ன வேலை?

நிறைய. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி விழித்தால் சைக்ளின் டி1-உம் விழிக்கிறது. அதாவது ஹார்மோனும் ராஸும் வெவ்வேறு வாசல் வழியே ஒரே அறைக்குள் நுழைகின்றன. எலியில், பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனும் சேர்ந்து உந்துகிறது.

இதிலிருந்து கிடைத்த பயனைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1976-இல் கிரெய்க் ஜோர்டன், டி.எம்.பி.ஏ. கொடுத்த எலிகளுக்குத் தமாக்சிஃபென் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் போய் உட்கார்ந்து ஹார்மோனுக்கு இடம் விடாத மருந்து. எலிகளில் கட்டி வருவது பெரிதும் குறைந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1998-இல், ஆபத்து கூடுதலாக உள்ள 13,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த அமெரிக்கச் சோதனையின் முடிவு வந்தது: தமாக்சிஃபென் எடுத்தவர்களிடம் பரவும் வகை மார்பகப் புற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. கருப்பைப் புற்று, இரத்தம் உறைதல் ஆகிய பக்க விளைவுகளும் அதே சோதனையில் தெரிந்தன. ஆகவே மருத்துவர் சொல்லாமல் எடுக்கும் மருந்து அல்ல இது.

எல்லா எலிகளுக்கும் ஒரே மாதிரி வருகிறதா?

வருவதில்லை. ஸ்பிரேக்-டாலி, விஸ்டார்-ஃபர்த் வம்சங்களுக்கு எளிதில் வரும். கோபன்ஹேகன் வம்சத்துக்கு அதே என்.எம்.யு., அதே டி.எம்.பி.ஏ. கொடுத்தாலும் பெரும்பாலும் வராது. அந்த எலியின் மார்பிலும் தொடக்கநிலைப் புண்கள் தோன்றுகின்றன, பிறகு மறைந்துபோகின்றன என்பதுதான் ஆச்சரியம். இப்படி எதிர்க்கும் பல வம்சங்களில் அந்தத் திறனைத் தரும் மரபணுப் பகுதிகளைக் கௌல்டின் குழு ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தது. அவற்றில் ஒன்று புரதம் எதையும் உருவாக்காத பகுதி. மனித மரபணுத் தொகுதியில் அதற்கு ஈடான இடமும் பெண்களின் மார்பகப் புற்று ஆபத்தோடு தொடர்புடையது என்று 2007-இல் வெளியிட்டார்கள்.

எலியில் கண்டது பெண்களுக்கு எவ்வளவு பொருந்தும்?

பாதைகள் பொருந்தும், விவரங்கள் பல பொருந்தா. பெண்களின் மார்பகப் புற்றில் எச்-ராஸ் பிறழ்வு மிக அபூர்வம். அங்கே அடிக்கடி கெடுவது பி.ஐ.3 கைனேஸ் மரபணுவும் பி53-உம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கட்டிகளில். எலியின் வேதிப்பொருள் கட்டிகளில் பி53 கெடுவது அரிது. எலியின் கட்டி மற்ற உறுப்புகளுக்குப் பரவுவதும் அரிது. பெண்களின் உயிரைப் பறிப்பது பரவல்தான் என்பதால் இந்தக் குறையைச் சின்னதாக நினைக்க முடியாது.

ஆனாலும் பொருந்தாத விவரம் ஒன்றே பெரும் பயன் தந்த கதையும் உண்டு. கருவிலிருக்கும் எலிகளுக்கு எத்தில்நைட்ரசோயூரியா என்ற வேதிப்பொருள் பட்டதால் வந்த நரம்புக் கட்டிகளிலிருந்து, 1980-களில் ராபர்ட் வைன்பர்க் ஆய்வகம் நியூ என்ற மரபணுவைப் பிரித்தது. அதிலும் ஓர் எழுத்துதான் மாறியிருந்தது. அதற்கு ஈடான மனித மரபணு ஹெர்2. பெண்களின் கட்டியில் அந்த எழுத்து மாற்றம் இல்லை. அதற்குப் பதிலாக அந்த மரபணுவே பல பிரதிகளாகப் பெருகியிருந்தது, ஏறக்குறைய 15 முதல் 20 விழுக்காடு கட்டிகளில். 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற மருந்து குறிவைப்பது இந்த ஹெர்2 ஏற்பியைத்தான்.

இதையெல்லாம் படித்தபின் மேமோகிராம் எடுக்கவே பயமாக இருக்கிறது. எடுக்கலாமா?

மருத்துவர் எடுக்கச் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மேமோகிராமில் மார்பகத் திசுவுக்குக் கிடைப்பது சுமார் 3 அல்லது 4 மில்லிகிரே. எலிச் சோதனைகளில் பெரும்பாலும் 1 முதல் 4 கிரே வரை பாய்ச்சுகிறார்கள். அதாவது பல நூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை அதிகம். அதுவும் மொட்டுகள் நிறைந்த பருவத்தில். மேமோகிராம் எடுக்கச் சொல்லும் வயதில் பெண்ணின் மார்பகம் அந்தப் பருவத்தைக் கடந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். சிறு வயதில் ஹாட்ஜ்கின் நோய் என்ற நிணநீர்ப் புற்றுக்காக மார்பில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு ஆபத்து உண்மையிலேயே கூடுதல். எப்போதிலிருந்து, எந்த முறையில் பரிசோதனை என்பதை மருத்துவரிடம் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

எலிகள் படும் பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

கேட்டதற்கு நன்றி. வாரம் ஒரு முறையாவது ஒவ்வொரு எலியையும் கையிலெடுத்து, கழுத்திலிருந்து அடிவயிறு வரை, ஆறு இணைச் சுரப்பிகளையும் விரல் நுனியால் தடவிப் பார்ப்பார்கள். தொடக்கத்தில் மிளகளவு உருண்டை ஒன்று தோலுக்கடியில் நழுவும். அதை உணர்ந்த நாள் பதிவேட்டில் ஏறும். கட்டி குறித்த அளவைத் தாண்டினாலோ, புண்ணானாலோ, எலி உணவெடுக்காமல் ஒடுங்கினாலோ, ஆய்வு முடியவில்லை என்று காத்திருக்கக் கூடாது. வலியின்றி அதன் வாழ்வை முடித்துவிட வேண்டும். விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி என்று ரஸலும் பர்ச்சும் 1959-இல் முன்வைத்த நெறி இன்றும் இதற்கு அடிப்படை. சரியாகத் திட்டமிடாத ஆய்வு, அதில் செத்த ஒவ்வோர் எலிக்கும் செய்த அநியாயம் என்று நான் கருதுகிறேன்.

நான் ஆய்வு மாணவி. கட்டியில் இத்தனை மரபணுக்கள் கூடின, இத்தனை குறைந்தன என்ற அட்டவணையை எப்படிப் படிப்பது?

அட்டவணைக்குப் போகும் முன் செய்முறைப் பகுதிக்குப் போங்கள். எந்த வம்சம், எத்தனை நாள் வயது, எவ்வளவு அளவு, ஒரே முறையா பிரித்துப் பிரித்தா, கட்டியை எத்தனை மாதம் கழித்து எடுத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். என்.எம்.யு. கட்டி சில வாரங்களிலேயே கைக்குத் தட்டுப்படத் தொடங்கும். கதிர்க் கட்டிக்குப் பல மாதங்கள் ஆகலாம். ஆகவே அவற்றை ஒப்பிடும்போது எலியின் வயதையும் சேர்த்தே ஒப்பிடுகிறீர்கள்.

அடுத்து, கட்டியை எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நல்ல மார்பகத்தை அப்படியே அரைத்தால் கிடைப்பதில் பெரும்பகுதி கொழுப்புச் செல். பால்நாளச் செல் கொஞ்சம்தான். கட்டியை அரைத்தால் ஏறக்குறைய முழுவதும் பால்நாளச் செல். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், பால்நாளச் செல்களில் இயங்கும் கெராட்டின் மரபணுக்கள் பல மடங்கு கூடியதாகவும், கொழுப்புச் செல்லின் மரபணுக்கள் அடியோடு விழுந்ததாகவும் தெரியும். சமிக்ஞை எதுவும் மாறாமலேயே இந்த எண்கள் வந்துவிடும். பால்நாளச் செல்களைத் தனியே பிரித்தெடுத்தார்களா, லேசரால் வெட்டியெடுத்தார்களா, அல்லது தகட்டில் சாயமேற்றி அந்தப் புரதம் எந்தச் செல்லில் இருக்கிறது என்று காட்டினார்களா என்று தேடுங்கள். காட்டியிருந்தால் அட்டவணைக்குத் திரும்பி, சைக்ளின் டி1 இருக்கும் வரியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.